நான் மறைத்த மஞ்சள் வெளிச்சம்

மகன் றிஸ்வான், மகள் சுமையா, நம்முட கராஜில் உங்களோடு வேலை செய்கிற மற்றப் பிள்ளைகள் எல்லாருக்கும்,

ஒரு வாகனம் உள்ளே வந்தால் பொனட்டைத் திறக்க முதல் சாவியைத் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டேஷ்போர்டில் எல்லா வெளிச்சமும் ஒருக்கா எரிஞ்சு பிறகு அணைஞ்சு நூரும். அந்த நேரம் எரியிற வெளிச்சங்களை எண்ணுங்க. எது எரியல்ல என்று பாருங்க. இந்த ஒரு வேலையை நான் ஏன் ஓயாமல் சொல்லுறேன் என்று நீங்க என்னைக் கேட்டதில்ல. வாப்பாவுக்கு வயசு போயிட்டு, சொன்னதையே சொல்லுறார் என்று நினைச்சிருப்பீங்க.

நான் கராஜை உங்கட கையில் தந்தது சலரோகத்தால் என்றுதான் ஊருக்குச் சொன்னேன். சலரோகம் உண்மைதான், இரத்தத்தில் சீனி கூடித்தான் கிடந்தது. ஆனா அதுக்கு முந்தியே என்ட கை ஸ்பானரைப் பிடிக்க மறுத்துப் போச்சு. என் மேல ஒரு வழக்கு நடந்தது உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். புதுசா சேர்ந்த பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது. ஆனா அதுக்கு முந்தின நாலு நாள் நான் என்ன செய்தேன் என்றது உங்க ஒருத்தருக்கும் தெரியாது. சோறு தின்னுற நேரம் ரெண்டு மூணு தரம் சொல்லத் தொடங்கினேன். உங்கட உம்மாட முகத்தைப் பார்த்ததும் வேறு கதைக்குப் போயிட்டேன். அதனால் எழுதுறேன். எனக்கு எட்டாம் ஆண்டோட படிப்பு முடிஞ்சது. பிழை கிடந்தா திருத்தி வாசிங்க.

முதலில் அந்த வழக்கில் மாட்டின காரைப் பற்றிச் சொல்ல வேணும். அதைச் சரியா விளங்காததில்தான் எல்லாம் தொடங்கினது.

நம்மட்ட வாற ஜப்பான் வாகனம் என்றால் என்ன? கொழும்புக்கு ஓடுற வேன், டீச்சர்மார் ஓட்டுற சின்னக் கார், நெல்லு ஏத்துற லொறி. இதுகளைச் செய்யிற கம்பனி ஒன்றுதான் அந்தக் காரையும் செய்தது. வெளிநாட்டுப் பணக்காரர் ஜெர்மன் காரைத்தான் மதிக்கிறாங்க, நம்முட காரைச் சந்தைக்குப் போற கூடை மாதிரிப் பார்க்கிறாங்க என்று அவங்களுக்கு ஒரு ரோசம் வந்திருக்கு. அதுக்காக வேறு பேர் வச்சு, வேறு கடை போட்டு, வேறு ஆட்களைப் பிடிச்சுச் செய்த கார். நாலு கதவு. பார்த்தா குடும்பக் கார். உள்ளுக்குப் பந்தயக் கார். ஆறு சிலிண்டர், மூவாயிரத்து ஐந்நூறு சிசி. நம்முட சின்னக் கார்கள் முன் சில்லால், முன் சக்கரத்தால் இழுக்கும். இது பின் சில்லால் தள்ளும். நின்ற இடத்திலிருந்து நூறுக்குப் போக ஆறு செக்கன் தேவையில்ல. நீங்க ஒருத்தருக்கு சலாம் சொல்லி, அவர் முழுசாப் பதில் சொல்லி முடிக்க முதல் அது நூறில் நிற்கும்.

ஆனா அந்தக் காருட பெரிய கெட்டித்தனம் வேகம் இல்ல, பிள்ளைகளே. வேகத்தை ஒளிக்கிறது. கதவுக்கு ரெண்டு சுத்து ரப்பர். கண்ணாடி தடிப்பு. சத்தம் உள்ளுக்கு வராமல் பண்ண என்றே சம்பளம் கொடுத்து ஆட்களை வச்சிருப்பாங்க போல. நம்முட வேன் எண்பதில் போனா தகரம் எல்லாம் சேர்ந்து கத்தும். டிரைவருக்குத் தானாகப் பயம் வரும். காலைத் தூக்குவார். இந்தக் காரில் நூற்றிருபதில் போனாலும் பக்கத்தில் இருக்கிறவர் தஸ்பீஹ் மணி உருட்டுற சத்தம் கேட்கும்.

மனிசனுட பயத்தை எடுத்துப்போட்டவங்க அதுக்குப் பதிலா ஒரு காவலை உள்ளே வச்சாங்க. முன் சீற்று ரெண்டுக்கும் நடுவில், சாமான் வைக்கிற பெட்டிக்குக் கீழே, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசா ஒரு சென்சர். காருட வால் பக்கம் வழுக்கத் தொடங்கினா அதுக்கு உடனே தெரியும். எந்தச் சில்லைப் பிடிக்க வேணுமோ அதை மட்டும் பிரேக் பிடிச்சு, எஞ்சினுட பலத்தையும் குறைச்சு, காரை நேராக்கும். பின் சில்லுக்கு அவ்வளவு பலத்தைக் கொடுத்தவன் அந்தக் காவலையும் சேர்த்துத்தான் கொடுத்தான். அதைக் கழிச்சா மிச்சம் கிடக்கிறது வேறு கார். இது எனக்கு இப்ப தெரியும். அண்டைக்குத் தெரியாது.

காருட சொந்தக்காரர் நௌசாத். சாய்ந்தமருதுக்காரன், கட்டாரில் உழைச்சு வந்தவன். வாகன இறக்குமதியை நிப்பாட்ட முந்தியே கொழும்பில் வாங்கிக் கொண்டுவந்தது. நல்லா ஓட்டுவான், காரைப் பிள்ளை மாதிரிப் பார்ப்பான். அந்த வருச மாரி மழையில் வெள்ளம் அவன்ட வீட்டு வாசலுக்கு வந்து, நிறுத்தி வச்ச காருக்குள் கால் வைக்கிற இடம் வரைக்கும் ஏறிட்டு. தண்ணி வடிஞ்சு காயவச்ச பிறகு டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் வெளிச்சம் எரிஞ்சபடி கிடந்தது. சின்னக் காருட படம், கீழே வளைஞ்ச ரெண்டு கோடு. நான் பிழை காட்டுற மெசினைப் போட்டுப் பார்த்தேன். நடுவில் கிடக்கிற அந்தச் சென்சர் செத்துப் போயிருந்தது. கொழும்பில் கேட்டேன், இல்ல. ஒருத்தர் மட்டும் ஜப்பானிலிருந்து எடுத்துத் தரலாம், எப்ப வரும் என்று சொல்ல ஏலாது என்றார். காத்திருந்தோம். ரெண்டு மாசம் போச்சு. வெள்ளாமை வெட்டுற காலமும் வந்துட்டு.

ஒரு புதன்கிழமை நௌசாத் வந்தான். வெள்ளிக்கிழமை அவன்ட தம்பிக்குக் கலியாணம். பொண்ணுக்கு ஊர் வரிப்பத்தான்சேனை. மாப்பிள்ளை அந்தக் காரில்தான் பொண்ணு வீட்டுக்குப் போறார்.

“காக்கா, இந்த வெளிச்சத்தை எப்படியும் நூத்துத் தாங்க” என்றான். மூத்த அண்ணன் மாதிரி என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“சாமான் வராம எப்படி நூக்கிறது தம்பி?”

“பொண்ணுட மச்சான் ஒருத்தர் இரிக்காரு. வாகனம் வாங்கி விக்கிறவரு. மாப்பிள்ளை இறங்கினா அவர் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டாரு. தலையை உள்ளுக்க விட்டு டேஷ்போர்டைத்தான் பார்ப்பாரு.”

நான் சிரிச்சேன். “பார்த்தா என்ன, நிக்காஹ்வை நிப்பாட்டிருவாரா?”

“நிப்பாட்ட மாட்டாரு. சாகும்வரைக்கும் சொல்லிக்காட்டுவாரு. வெள்ளத்தில ஊறின காரில வந்த மாப்பிள்ளை என்டு தம்பிக்குப் பேர் வச்சிருவாங்க. பேரப்பிள்ளை பிறந்தாலும் அந்தப் பேர் போகாது. உங்களுக்குத் தெரியாதா காக்கா?”

எனக்குத் தெரியும். அப்படிப் பேர் எடுத்தவங்க நம்முட ஊரிலும் இருக்கிறாங்க.

நான் வேலை பழகின கராஜில் ஒரு பாஸ், பெரிய மெக்கானிக், இருந்தார். கைராசிக்காரர், பொய் பேசாதவர், என்னைத் தன்ட பிள்ளை மாதிரி வச்சிருந்தவர். அவர்ட பேரை இங்க எழுதல்ல, அவர் இப்ப உயிரோட இல்ல, மௌத்தாகிட்டார். அவர்தான் எனக்கு அந்த வேலையைக் காட்டித் தந்தவர். பழைய வேன்களில் எயார் பேக் வெளிச்சம், அந்த வெளிச்சம், இந்த வெளிச்சம் என்று ஏதாவது ஒன்று எப்பவும் எரியும். சாமான் கிடைக்காது. பாஸ் டேஷ்போர்டைக் கழட்டி, அந்த வெளிச்சத்துக்கு மேல சின்னத் துண்டு கறுப்பு டேப்பை ஒட்டுவார். “எஞ்சின் ஓடுது, பிரேக் பிடிக்குது. மிச்சம் எல்லாம் மனிசனைப் பயங்காட்டுற வேலை” என்பார். நானும் எத்தனையோ வாகனத்துக்கு ஒட்டியிருக்கிறேன். ஒருத்தரும் திரும்பி வந்து குறை சொல்லல்ல. அதை நான் கெட்டித்தனம் என்று நினைச்சேன்.

அண்டைக்கும் ஒட்டினேன். ஒரு மணித்தியாலம் கூடப் போகல்ல. சாவியைத் திருப்பினா எல்லா வெளிச்சமும் எரிஞ்சு நூர்ந்தது. ஒரு இடம் மட்டும் கறுப்பில் கறுப்பாக் கிடந்தது.

“ஓட்டலாமா காக்கா?” என்று நௌசாத் கேட்டான்.

“ஓட்டலாம். முந்தி ஓடின மாதிரியே ஓடும்” என்று சொன்னேன்.

இந்தச் சொல்லை நல்லா வாசிங்க. முந்தி ஓடின மாதிரியே. மெதுவாப் போ என்றும் சொன்னேனா? எத்தனையோ தரம் யோசிச்சுப் பார்த்துட்டேன். சில நாள் சொன்ன மாதிரி இருக்கும். என்னைக் காப்பாத்திக்கொள்ள என்ட மனசு பிறகு சேர்த்துக்கொண்ட சொல்லாகவும் அது இருக்கலாம்.

வியாழக்கிழமை அசர் தொழுகைக்கு முன்ன போன் வந்தது. நௌசாத் பொண்ணுட கலியாணச் சாரியைக் கொண்டு வரிப்பத்தான்சேனைக்குப் போயிருக்கான். சம்மாந்துறை தாண்டி, வயல் வெளியில், ரோட்டில் பாதிக்கு நெல்லு காயப்போட்டுக் கிடந்திருக்கு. ஓரத்தில் கல்லு வச்சு, முள்ளுக் கொப்பு போட்டு, எல்லாரும் போடுற மாதிரித்தான். இவனுக்கு முன்னால் உழவு மெசின், டிரக்டர் ஒன்று, பெட்டி நிறைய மூட்டையோடு போயிருக்கு. எதிரே ஒன்றும் வரல்ல. முந்துறதுக்காக வலப்பக்கம் எடுத்து மிதிச்சிருக்கான். வலப்பக்கச் சில்லு ரெண்டும் நெல்லில் ஏறிட்டு. காய்ஞ்ச நெல்லு, உங்களுக்குத் தெரியும், மணி மணியா உருளும். காருட வால் வீசிட்டு.

அந்த நெல்லுக்குச் சொந்தக்காரர் மீராலெப்பை காக்கா. வெறுங்காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிண்டிக்கொண்டு நடந்திருக்கார். கார் அவரை அடிச்சுக்கொண்டு போய் வாய்க்காலில் மூக்குக் குத்தி நின்றது.

நான் போற நேரம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. ரோட்டில் நெல்லும் இரத்தமும். ஒரு மனிசி அழுதழுது நல்ல நெல்லை வேறாக்கி மூட்டைக்குள் அள்ளிக்கொண்டு இருந்தா. அவர்ட தங்கச்சி என்று பிறகுதான் தெரிஞ்சது. நௌசாத் மருத மரத்துக்குக் கீழே குந்தியிருந்தான். என்னைக் கண்டதும், “காக்கா, நான் அறுபதிலதான் வந்த. அல்லாஹ் மேல ஆணை, அறுபதிலதான்” என்றான். அவன் பொய் சொல்லல்ல. அந்தக் காருக்குள் அவனுக்கு அது அறுபது மாதிரித்தான் இருந்திருக்கும். ரோட்டில் கிடந்த சில்லுக் கோட்டைப் பார்த்தா அது அறுபது இல்ல.

காரை வாய்க்காலிலிருந்து இழுத்துத் தரச் சொல்லிப் பொலிசார் என்னைத்தான் கேட்டாங்க. இழுத்து, அவங்கட வளவில் கொண்டுபோய் விட்டேன். பொலிஸ்காரர் எழுத்து வேலைக்கு உள்ளே போனார். காரும் நானும் மட்டும். டிரைவர் சீற்றில் இருந்து சாவியைத் திருப்பினேன். எல்லா வெளிச்சமும் எரிஞ்சது. அந்த ஒன்றைத் தவிர.

இனி எழுதப் போறதைத்தான் நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல.

போட்டிருந்த சேட்டுப் பைக்குள் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. டேஷ்போர்டுக்கு நாலு ஸ்க்ரூ. டேப்பை உரிச்சு எடுத்தா வெளிச்சம் எரியும். எரிஞ்சா, பிறகு வாகனப் பரிசோதகர் வந்து பார்த்து என்ன எழுதுவார்? வெளிச்சம் எரிஞ்சுகொண்டு இருந்தும் இவன் ஓடியிருக்கான் என்று எழுதுவார். எல்லாப் பிழையும் நௌசாத் தலையில் போகும். என்ட கையில் ஒன்றும் ஒட்டாது. இவ்வளவையும் யோசிக்க எனக்கு ஒரு நிமிசம் கூட எடுக்கல்ல. முப்பது வருசம் அல்லாஹ்வுக்குப் பயந்து நடந்த மனிசன் என்று என்னை நானே நினைச்சிருந்தேன்.

ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டிட்டேன். மூன்றாவதில் கை வச்ச நேரம் கண்ணாடியில் ஆரோ தட்டினாங்க. நௌசாத்தின் தம்பி. அடுத்த நாள் மாப்பிள்ளை. உள்ளங்கையில் மருதோன்றிச் சிவப்பு.

“காக்கா, பின் சீற்றில சாரிப் பார்சல் கிடக்காம். எடுக்கலாமா?”

எடுத்துக் கொடுத்தேன். வாய்க்கால் தண்ணி சொட்டினது. அதை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்று, “காக்காவை மறியல்ல, ஜெயில்ல போடுவாங்களா?” என்று கேட்டான். அவன் காக்கா என்றது நௌசாத்தை.

“தெரியாது மனே” என்றேன்.

அவன் போன பிறகு ரெண்டு ஸ்க்ரூவையும் திரும்பப் பூட்டினேன். நல்லவனாகிட்டேன் என்று நினைக்காதீங்க. டேப்பை எடுக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. ஒன்றும் செய்யாம வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வாடகை வேனில் போனார். நௌசாத்துக்குப் பிணை கிடைச்சிருந்தது, ஆனா அவன் கலியாணத்துக்குப் போகல்ல. அந்த மச்சான்காரர், வாகனம் விக்கிறவர், வேனுக்குள் தலையை விடல்லையாம். மாப்பிள்ளையுட கையைப் பிடிச்சு இறக்கி, “ஆஸ்பத்திரியில மீராலெப்பை காக்காவுக்கு எப்படி?” என்றுதான் கேட்டாராம். நாங்க ரெண்டு பேரும் எவருட வாய்க்குப் பயந்து அந்த வெளிச்சத்தை மறைச்சோமோ, அந்த மனிசன் ஒரு சொல் சொல்லல்ல.

சனிக்கிழமை பரிசோதகர் வந்தார். பிரேக் பார்த்தார், ஸ்டேரிங் பார்த்தார், டயர் பார்த்தார். எல்லாம் சரி என்று எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“நீங்கதானா கடைசியா வேலை செய்த?”

“ஓம் சேர்.”

“என்ன வேலை?”

நௌசாத் எனக்குப் பக்கத்தில் நின்றான்.

“சேர்விஸ்தான் சேர்” என்றேன்.

நௌசாத் என்னைப் பார்த்தான். கோபமாப் பார்க்கல்ல. அதைச் செய்யச் சொல்லிக் கேட்டவன் அவன்தானே, அந்த வெட்கத்தில் அவனும் வாயைத் திறக்கல்ல. பரிசோதகர் கையெழுத்து வச்சார். கார் சரி, ஓட்டினவன் பிழை. நான் ஒரு சொல்லால் அதைத்தான் செய்தேன். டேப்பை உரிச்சிருந்தா என்ன நடக்குமோ, அதே.

அண்டைக்கு இரவு மீராலெப்பை காக்காவுட காலை முழங்காலுக்கு மேல எடுத்தாங்க. ஞாயிறு பின்னேரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதுக்குப் போனேன் என்று எனக்கே சரியாத் தெரியாது. போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தட்டையாவும் கிடந்தது.

“நான் கராஜ் வச்சிரிக்கிறன். அந்தக் காருக்கு வேலை செய்தவன்” என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “அப்ப சரியான ஆள்தான் வந்திரிக்கு. என்ட காலுக்கும் ஜப்பானில இருந்து சாமான் எடுக்க ஏலுமா?”

பக்கத்திலிருந்த அவர்ட பொஞ்சாதி, “சும்மா கிடங்களேன். காலை அறுத்தாங்க, வாயை விட்டுட்டாங்க” என்றா. சொல்லிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

நான் சொல்லிட்டேன். வெள்ளம், சென்சர், மஞ்சள் வெளிச்சம், டேப், பரிசோதகருக்குச் சொன்ன பொய், எல்லாம். ஸ்க்ரூ ரெண்டையும் கழட்டினதை மட்டும் சொல்லல்ல. அதை உங்களுக்குத்தான் இப்ப எழுதுறேன்.

அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த வெளிச்சம் எரிஞ்சிருந்தா அவன் மெதுவா வந்திரிப்பானா?”

ஓம் என்று சொன்னா அவர்ட கால் என்னால் போனது. இல்ல என்று சொன்னா நான் தப்பிக்கப் பார்க்கிறேன்.

“நானும் ரோட்டில காயப்போட்டவன்தான்” என்றார் அவர். “எல்லாரும் போடுறாங்க என்டு போட்ட. அதைப் பொலிசுக்குச் சொல்லிட்டன். உங்கட பிழையை என்னட்டச் சொல்லி நான் என்ன செய்ய? என்னால எழும்பி நடந்து போய்ச் சொல்ல ஏலாது. உங்களுக்குக் கால் இரிக்கிதானே.”

நேரே பொலிசுக்குப் போனேன். அடுத்த நாள் பரிசோதகர் திரும்ப வந்தார். அவர் பார்க்க நானே சாவியைத் திருப்பினேன், எரியாத இடத்தைக் காட்டினேன், நாலு ஸ்க்ரூவையும் கழட்டி டேப்பை உரிச்சேன். வெளிச்சம் எரிஞ்சது. சின்னக் கார், கீழே வளைஞ்ச ரெண்டு கோடு. அது அவ்வளவு நாளும் டேப்புக்குக் கீழே எரிஞ்சுகொண்டுதான் கிடந்திருக்கு.

வழக்கு ரெண்டு பேர் மேலயும் நடந்தது. மிச்சம் உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். அந்த வாரத்திலிருந்து நான் ஒரு டேஷ்போர்டையும் கழட்டினதில்ல. பாஸ் காட்டித் தந்ததை நான் பிழை சொல்ல வரல்ல. அவர்ட வேன்களில் பயம் டிரைவருட காதுக்குள் கிடந்தது, ஒரு வெளிச்சத்தை மூடினாலும் தகரம் கத்தும். இந்தக் காரில் கத்துறதுக்கு அந்த ஒரு வெளிச்சம்தான் இருந்தது. எனக்கு இருபது வருசம் சரியா வந்த பழக்கம், வேறு மாதிரி ஒரு வாகனம் வந்து நின்றபோது, இது வேறு என்று பார்க்க விடல்ல. உங்களுக்கும் இனி மின்சாரக் கார் வரும், நான் காணாத கார் எல்லாம் வரும். பழகின கையை நம்ப முதல் அது எதை நம்பி ஓடுது என்று பாருங்க. வாடிக்கையாளர் கலியாணம் என்பார், பயணம் என்பார். சாமான் இல்லாட்டி இல்ல என்று சொல்லுங்க. ஓட்டலாமா என்று கேட்டா, உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. கராஜில் கிடக்கிற கறுப்பு டேப் வயர் சுத்துறதுக்கு மட்டும்தான்.

போன மாசம் ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வெளியே வரும்போது நௌசாத்தைக் கண்டேன். இப்ப சைக்கிளில் திரிகிறான். சலாம் சொன்னான். எனக்குள் இத்தனை காலம் கிடந்த கேள்வியை அவன்ட்டயே கேட்டேன்.

“தம்பி, அந்த வெளிச்சம் எரிஞ்சிருந்தா நீ மெதுவாப் போயிருப்பியா?”

சனம் எங்களைச் சுத்திப் போய்க்கொண்டு இருந்தது.

“நானும் அதைத்தான் காக்கா ஒவ்வொரு நாளும் என்னையே கேட்கிற. தெரியல்ல.”

அவனுக்குத் தெரியாது. மீராலெப்பை காக்காவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தக் கேள்வி அண்டைக்கு ரோட்டில் நௌசாத்துக்கு முன்னால், மஞ்சளா எரிஞ்சுகொண்டு, அவன் பதில் சொல்லுறதுக்காகக் கிடந்திருக்க வேண்டியது. அதை நான் மூடிட்டேன்.